தீபாவளிக்கு அடித்த சாயம் பொங்கலுக்குள் உரிவது ஏன்?



தீபாவளி நெருங்கிவிட்டால் தோட்டத்து லயங்களிலும் சரி, பட்டணத்துத் தாமான் வீடுகளிலும் சரி, ஒரே பரபரப்புதான். ஒரு பக்கம் முறுக்குக்கு மாவு அரைக்கப் போவார்கள். இன்னொரு பக்கம் பிள்ளைகள் புதுத்துணிக்கு நச்சரிப்பார்கள். இதற்கிடையில் வீட்டுத் தலைவர் சாய டின்னும் தூரிகையுமாக வந்து இறங்குவார். நான்கு நாள் மாலை வேலையில் வீடு புதுப்பெண்போல் மின்னும். ஆனால் அந்த மினுமினுப்பு எத்தனை நாளைக்கு?

சில ஆண்டுகளுக்குமுன் நானும் அப்படித்தான் செய்தேன். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில், மழை விட்ட இடைவெளி பார்த்து முன்சுவருக்கு மஞ்சள் சாயம் அடித்தேன். பொங்கல் பானை வைக்கும் நேரத்தில் சுவரெங்கும் கொப்புளம். அவ்வழியே போன என் மாணவன் ஒருவன், “சார், உங்கள் வீட்டுச் சுவருக்கு அம்மை போட்டிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டான். வெட்கமாகப் போய்விட்டது. செலவழித்த பணத்தை நினைத்தால் வயிறும் எரிந்தது. குற்றம் சாயத்தின்மேல் இல்லை, என்மேல்தான் என்பது பிறகே விளங்கியது.

நம் பேராக் மண்ணின் பருவத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஈப்போவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் நவம்பர்தான் பெருமழை மாதம். அக்டோபரும் அதற்குச் சளைத்ததல்ல. தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருகிறது. ஆக, ஆண்டிலேயே சுவர் மிகவும் ஈரமாக இருக்கும் நாள்களைத்தான் நாம் சாயம் அடிக்கத் தேர்ந்தெடுக்கிறோம்! தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே செங்கலும் சிமெண்டும் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே சாயத்தோல் மூடிக்கொண்டபின் வெயில் சுட்டால், அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும். வழி இல்லாவிட்டால் தோலைத் தூக்கிவிடும். அதுதான் கொப்புளம்.

சாயம் என்பது என்ன? நிறம் தரும் பொடி, அந்தப் பொடியைச் சுவரோடு பிடித்து வைக்கும் பசை, பூசுவதற்கு இளக்கம் தரும் தண்ணீர் அல்லது எண்ணெய், இவற்றின் கலவை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இந்தப் பசையை நாளடைவில் அரித்துவிடும். உங்கள் வீட்டு வெளிச்சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் ஒட்டினால் பசை செத்துவிட்டது என்று பொருள். சுவரில் கரும்பச்சையாகப் படர்வது அழுக்கு அல்ல, பாசியும் பூஞ்சணமும். அவை உயிருள்ளவை. அவற்றின்மேலேயே சாயம் அடித்தால், சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டும்.

பனி கொட்டும் நாடுகளிலும் இதே தொல்லை உண்டு. அங்கே பகைவன் உறைபனி. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். பலகைக்கும் சாயத்துக்கும் இடையே புகுந்த நீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து சாயத்தை நெம்பித் தள்ளும். இதற்குச் சுவீடன் நாட்டவர் பழைய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே ஃபாலுன் என்னுமிடத்தில் பல நூற்றாண்டுகள் நடந்த செம்புச் சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. அதன் கழிவு மண்ணிலிருந்து எடுத்த செங்காவிப் பொடியைத் தண்ணீர், கோதுமை இனத்தைச் சேர்ந்த ‘ரை’ தானிய மாவு, ஆளி விதை எண்ணெய் ஆகியவற்றோடு காய்ச்சி மரவீடுகளுக்குப் பூசுவார்கள். அந்தச் சாயம் தோலாக மூடாது. பலகை மூச்சுவிட இடம் கொடுக்கும். பத்து ஆண்டுபோல் நின்று, பிறகு பொடியாகவே உதிரும். துடைப்பத்தால் தட்டிவிட்டு மீண்டும் பூச வேண்டியதுதான்.

நம் முன்னோரின் சுண்ணாம்பும் அதே இனம்தான். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கல்லை 900 பாகை அளவு வெப்பத்தில் சுட்டு, நீரில் நீற்றிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாகவே இறுகும். ஈரம் அதன் வழியே வெளியேறும். விலையும் குறைவு. ஆனால் நம் மழைக்கு ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டுதான் தாங்கும். முன்பே பிளாஸ்டிக் சாயம் பூசிய சுவரில் சரியாகப் பிடிக்காது. நீற்றும்போதும் பூசும்போதும் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைச் சாயம் எத்தனை ஆண்டு நிற்கும்? வீட்டின் உள்ளே பூசும் மலிவுச் சாயத்தை வெளியே அடித்தால் ஓராண்டிலேயே வெளிறிவிடும். வெளிச்சுவருக்கென்றே செய்த நல்ல அக்ரிலிக் சாயம், காய்ந்த சுவரில் முறையாக அடித்தால், ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் நிற்கும். பலகைக்கு அடிக்கும் பளபளப்பான எண்ணெய்ச் சாயம் வெயிலில் விறைத்து, மூன்று நான்கு ஆண்டில் வெடிக்கும். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் மங்கும். காவி நிறங்கள் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும்.

சரி, முறையாக அடிப்பது எப்படி?

முதலில் காலம். ஜனவரி, இல்லாவிட்டால் ஜூன், ஜூலை. இவைதாம் நமக்கு மழை குறைந்த மாதங்கள். கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறதா, சுவரோரம் மண் குவிந்திருக்கிறதா என்று பார்த்து, அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அடுத்து, பாசி. துணி வெளுக்கும் குளோரின் நீர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, கையுறையோடு தடவி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதனோடு வேறெந்தக் கழுவு மருந்தையும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

பிறகு ஈரச் சோதனை. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் நீர்த்துளி பூத்திருந்தால் தூரிகையை எடுக்காதீர்கள். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவர் என்றால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

உப்புத்தாள் போடும்போது கவனம். பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அமெரிக்காவில் 1978இல் வீட்டுச் சாயத்தில் அதைத் தடைசெய்தார்கள். ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய தோட்டத்து வீட்டுக் கதவு, சன்னல்களை நனைத்தே தேயுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள்.

இறுதியாக, பூச்சு. காலை ஒன்பது மணிக்குப் பனி காய்ந்தபின் தொடங்கி, மாலை மழைக்கு முன் இரண்டு மணிக்குள் நிறுத்துங்கள். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்குப் பத்துச் சதுர மீட்டர் அளவு வரும். இருபதடி நீளம், ஒன்பதடி உயரச் சுவருக்கு இரண்டு பூச்சு அடிக்க மூன்றரை லிட்டர் போதும். மிச்சம் பிடிக்க நினைத்து மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் பசை நீர்த்துப்போகும், ஆயுளும் குறையும்.

இவ்வளவும் செய்தபின் என் வீட்டு முன்சுவர் இன்று நான்காவது தீபாவளியைக் காணக் காத்திருக்கிறது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த வெள்ளியை ஆண்டுதோறும் சுவரில் கரைப்பானேன்? வரும் ஜூன் மாதத்தில் சாயம் அடித்துவிடுங்கள். தீபாவளி வாரத்தில் வாசலைக் கழுவி, மாவிலைத் தோரணம் கட்டினால் போதும். மிஞ்சும் பணத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அந்தச் சாயம் எந்த மழைக்கும் வெளுக்காது!