கோச்சா, கன்சல்டன்டா? ரெண்டும் நானே என்றால் கோடு எங்கே?

'கோச்சிங்' என்றதும் நம்ம ஊரில் நீட், ஜேஇஇ வகுப்புகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், சில வருடம் ஹெச்.ஆர்., மார்க்கெட்டிங், ஐ.டி. என்று வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கும் பலர், லிங்க்ட்இன்னில் 'கோச் அண்ட் கன்சல்டன்ட்' என்று சேர்த்தே போட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

என்ன வித்தியாசம்?

கன்சல்டன்டிடம் வாடிக்கையாளர் வாங்குவது பதிலை. பிரச்னையை ஆராய்ந்து, "இதைச் செய்யுங்க" என்று அவர் சொல்வார். கோச் கேள்வி கேட்பார். பதிலைக் கண்டுபிடிப்பதும் முடிவெடுப்பதும் வாடிக்கையாளர். 1995-ல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பும் (ஐசிஎஃப்) இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது.

அப்போ சேர்த்துப் பண்ணக் கூடாதா?

தாராளமாகப் பண்ணலாம். தேவையும் இருக்கிறது. ஒரு சிறு நிறுவன உரிமையாளருக்குப் புதிய விலைப்பட்டியல் போட்டுக் கொடுப்பது கன்சல்டிங். பட்டியல் கையில் இருந்தும், பழைய வாடிக்கையாளரிடம் விலையை ஏற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்றால், அங்கே இன்னொரு அறிக்கை உதவாது, கோச்சிங்தான் உதவும்.

சிக்கல் எங்கே?

ஒன்று, சொல்லாமல் வேடம் மாறுவது. "வேலையை விட்டுடலாமா?" என்று யோசிக்கும் ஒருவரிடம், கோச்சாக உட்கார்ந்துகொண்டு "விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டால், அது யாருடைய முடிவு? சம்பளம் நின்றபிறகு அந்தக் கேள்வி பெரிதாகும்.

இரண்டு, இதைவிடப் பெரியது: பணம் கொடுப்பது நிறுவனம், மனம் திறந்து பேசுவது ஊழியர். அதே நிறுவனத்துக்கு 'எந்த டீமைக் குறைக்கலாம்' என்று அறிக்கையும் நீங்களே எழுதினால், அவர் நம்பிச் சொன்னதை மறந்துவிட்டு எழுத முடியுமா?

என்ன செய்யலாம்?

* இரண்டு வேலைக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி கட்டணம் போடுங்கள். கோச்சிங்குக்கு அமர்வுக் கணக்கு, கன்சல்டிங்குக்கு முடித்துத் தரும் வேலையின் கணக்கு என்று பிரிப்பது எளிது.

* நடுவில் ஆலோசனை சொல்லத் தோன்றினால், "இப்போ கோச்சா பேசல, என் அனுபவத்துல இருந்து ஒண்ணு சொல்லலாமா?" என்று அனுமதி கேளுங்கள்.

* கம்பெனிக்கு எது போகும், எது போகாது என்பதை முதல் அமர்வுக்கு முன்பே மூன்று தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

* ஆட்குறைப்பு, பதவி உயர்வு சம்பந்தப்பட்ட கன்சல்டிங் என்றால், அதே ஊழியர்களுக்கு கோச்சிங் எடுக்காதீர்கள். ஒரு பில் குறையும். ஆனால் உங்களை நம்பிப் பேசியவருக்கு அதனால் வேலை போகாது.