வெறுங்காற்றில் ஒரு கோடு

எங்கள் சிதறால் மலைக்குத் திருச்சாரணத்துமலை என்று பழம்பெயர் உண்டு. சாரணர் என்றால் வானில் உலாவும் வல்லமை பெற்ற சமண முனிவர். கையில் மயிற்பீலியும் கமண்டலமும் தவிர வேறு உடைமை இல்லாதவர்கள். எடைக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

அருமனை வாசகர் ஒருவரின் மருமகனுக்குத் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து செஸ்னா 172 என்ற பழைய சிறுவிமானம் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். "விலை படிந்துவிட்டது, எடைக் காகிதம் சரியில்லை என்று ஒரு மாதமாகப் புலம்புகிறார். இரும்புக் கடைக்கா போடப் போகிறார், விமானத்துக்கு எடை எதற்கு?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், அதை விட்டுவிட்டு எடைக்கு வருகிறேன். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது இரண்டு வாழைக்குலைகளைச் சைக்கிள் கேரியரில் கட்டி மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டுபோகச் சொன்னார் அப்பா. முதல் ஏற்றத்திலேயே முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. ஹேண்டிலைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. பின்னாலேயே வந்த அப்பா ஒரு குலையை அவிழ்த்து முன்பாரில் தொங்கவிட்டார். பாரம் அதேதான், சக்கரம் தரைக்கு வந்துவிட்டது.

விமானத்துக்கும் இதே சங்கதிதான். பின்பாரம் மிஞ்சினால் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், இறக்கை தூக்குவிசையை இழக்கும். சுழன்று விழத் தொடங்கினால் மீட்க முடியாமலே போகலாம். முன்பாரம் மிஞ்சினால் தரையிறங்கும்போது மூக்கை நிமிர்த்த முடியாது. செஸ்னா 172 எஸ் வகையில் முழுப் பாரம் ஏற்றியபின் எடைமையம், அதாவது மொத்த எடையும் சமன்படும் புள்ளி, 6.3 அங்குல இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும். ஒரு சாண்கூட இல்லை. அதன் உச்ச எடை 1157 கிலோ. வெறும் விமானமே 760 கிலோ வரும். டேங்க் நிறையப் பெட்ரோல் சுமார் 145 கிலோ. மிச்சம் 250 சொச்சம். இருக்கை நாலு இருக்கிறதே என்று எழுபத்தைந்து கிலோ ஆட்கள் நால்வர் ஏறினால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

எனக்குப் பிடித்த விநோதம் இனிமேல்தான். எடைமையம் எங்கே என்று சொல்ல, எங்கிருந்தாவது அளக்க வேண்டுமே? தயாரிப்பாளர் ஒரு கற்பனைக் கோடு போட்டுவிடுகிறார். செஸ்னா 172இல் அது எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகடு. வேறு சில விமானங்களில் மூக்குக்கும் முன்னால், வெறுங்காற்றில்! ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து அளந்தால் எல்லாத் தூரமும் கூட்டலாகவே வரும், கழித்தல் குறி தொல்லை இல்லை. ஒவ்வொரு பொருளின் எடையையும் அந்தத் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் எடைமையம் கிடைத்துவிடும். கோட்டை எங்கே போட்டாலும் விமானத்தில் அது விழும் இடம் மாறாது. நாலைந்து தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன்.

எடை போடுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கொட்டகைக் கதவுகளை மூடிவிட்டுத்தான் நிறுப்பார்கள். காற்றடித்தால் இறக்கை தன் வேலையைத் தொடங்கிவிடும், தராசு குறைத்துக் காட்டும்.

ஆனால் நிறுத்த நாளில் இருந்த எடை நிலைப்பதில்லை. புதுப் பெயின்ட், புது ரேடியோ, கழற்ற மறந்த பழைய வயர் என்று வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதித் திருத்திய கணக்கு விமானத்தோடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. ஆனால் சொந்த விமானத்தை இத்தனை ஆண்டுக்கொரு முறை மறுபடி நிறுக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அதனால் பல பத்தாண்டுகள் காகிதத்திலேயே கூட்டிக் கழித்த எண்ணை நம்பிப் பறக்கும் விமானங்கள் உண்டு. நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. இதற்கென்றே தனி விதித்தொகுப்பு வைத்திருக்கிறது.

காகிதம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட் நகரில் விமானம் விழுந்து போன 21 உயிர்கள் சாட்சி. வால் பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அதோடு, பயணிகளின் எடையைப் பழைய சராசரியை வைத்துக் குறைத்துக் கணித்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சராசரியை உயர்த்தினார்கள்.

நாம் சிரிக்க முடியாது. களியக்காவிளை பக்கம் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளைப் பாருங்கள். எடைச் சீட்டு இல்லாத லாரி ஒன்றுண்டா? சீட்டில் உள்ள எடைதான் லாரியில் இருப்பதில்லை. பள்ளிக்கூட ஆட்டோவுக்குச் சீட்டும் கிடையாது.

வாசகரே, மருமகன் புலம்பட்டும், தடுக்காதீர்கள். பழைய காகிதத்தைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம், கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு விமானத்தை ஒருமுறை புதிதாக நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.