ஏவுவோர் பாஷை

நந்தனத்தின் அடியில் மெட்ரோ ரயிலில் செல்லும் அன்பர்கள், அச்சுரங்கத்தை அகழ்ந்தவர் யாவர் என எண்ணிப் பார்த்ததுண்டோ? அண்ணா சாலையின் இப்பகுதி வேலையை 2011-ஆம் ஆண்டில் ஏற்றவை, மாஸ்கோ நகரத்து மாஸ்மெட்ரோஸ்ட்ராயும் நம் நாட்டுக் காமன் கம்பெனியுமாம். அக்கூட்டு இடையில் முறிய, பிறர் முடித்துத் தர, 2018 மே 25-ஆம் தேதி நந்தனம் நிலையம் திறக்கப்பட்டது. ருஷ்யர், தமிழர், பீஹாரிகள், ஒடியர், வங்காளிகள் எனப் பல பாஷையினர் உழைத்த வேலை அது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் இரண்டாம் கட்டத் தடமும் நந்தனத்திலேயே பழைய தடத்தைச் சந்திப்பதாகத் திட்டம். அவ்வேலைக்கும் வடநாட்டுத் தொழிலாளரே பெரிதும் வந்துள்ளனர்.

இவர்களோடு நாம் பேசும் பாஷை யாது? 'இதர் ஆவோ', 'ஜல்தி கரோ', 'உட்டாவோ' என்னும் ஏவற் சொற்களே நம் மேஸ்திரிமார் கற்ற இந்தி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சின்னத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க ஒரு கைந்நூல் வெளிவந்தது. அதன் பெயரே 'இங்கே வா' என்பது! நம் இனத்தாரை நோக்கி அன்று துரைமார் மொழிந்த சொல்லையே, இன்று நாம் பிறரை நோக்கி மொழிபெயர்த்து வழங்குகிறோம்.

இன்னுமொரு விந்தை. இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு 1937 முதல் போராடியதை அறியாதார் இலர். அப்படியிருக்க, ஒடியாவும் சந்தாலியும் பேசுவோரை 'வடக்கர்' என ஒன்றாகக் கட்டி, அவர்மீது இந்தியைச் சுமத்துவோர் யார்? நாமே. பொருள் பாதி விளங்கிய நிலையில் அவர் தலையை அசைக்கிறார். விளங்கிற்றென்று மேஸ்திரி அகன்றுவிடுகிறார். கிரேனின் கீழ் நிற்கலாகாது என்பதும், மின்கம்பியைத் தொடலாகாது என்பதும் இவ்வாறு பாதி விளங்கினாற் போதுமா? தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த பாஷையிலும் இருத்தல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சிறுபான்மையான நால்வரின் கதி என்ன? ஒருவர் பிழைபடின் உடனிருப்போர் அனைவர்க்கும் ஆபத்தன்றோ!

வழியில்லாமலில்லை. 1918 ஏப்ரல் 27-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா ஒரு பார்ஸி, தமிழறியார். அவர் ஆங்கிலத்தில் உரைக்க, அது தமிழிற் பெயர்க்கப்பட்டது, திரு.வி.க. முதலியோர் தமிழிலேயே முழங்கினர். தொழிலாளர் சொன்னதும் அவ்வாறே வாடியாவின் செவிக்கு எட்டிற்று. உண்ணப் போதிய இடைவேளையில்லை என்னும் குறையை அவர் அறிந்தது அப்படித்தான். பாஷை தெரியாமை அவருக்குத் தடையாகவில்லை. கேட்கும் மனம் இருந்தது.

மெட்ரோ நிறுவனத்தின் தலைமை அலுவலகம் நந்தனத்திலேயே உள்ளது. அதன் அதிகாரிகள் ஒரு நாட் காலையில் வேலைத்தலத்திற்குச் சென்று, எச்சரிக்கை ஓதப்பட்ட பின், ஒடியாத் தொழிலாளி ஒருவரை அழைத்து, கேட்டதைத் தம் பாஷையில் திருப்பிச் சொல்லுமாறு வேண்டட்டும். அதனை விளக்கத்தக்க ஒருவர் அருகில் இருக்கிறாரா என்பதும் அப்பொழுதே தெரிந்துவிடும்.