ஓட்டுக்குள் தவிக்கும் குஞ்சு: எப்போது கை வைக்கலாம்?

ஓட்டில் சின்னதாய் ஒரு விரிசல். உள்ளே அலகு அசைகிறது, கீச்சுக் குரலும் கேட்கிறது. காலையில் பார்த்தபடியே மாலையிலும் இருக்கிறது. பக்கத்து முட்டைக் குஞ்சு வெளியே வந்து, ஈரம் காய்ந்து, தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிவிட்டது. இது மட்டும் வரக் காணோம். வீட்டில் இங்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. ஓட்டைக் கொஞ்சம் உடைத்துவிடலாமே என்று தோன்றும். அந்த இரக்கமே பல குஞ்சுகளின் உயிரைப் பறித்துவிடுகிறது.

கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், தஞ்சோங் காராங் என்று வட சிலாங்கூர் தோட்டப்புறம் எங்கும் கோழி நம்மவர் வாழ்க்கையோடு ஒட்டியது. பெஸ்தாரி ஜெயா, பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட காலத்தில், அதன் அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். பிறகு ரப்பர் இருந்த இடங்களிலும் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் போய்த் தாமான் வீடுகள் வந்தன. கோழியை மட்டும் யாரும் விட்டுவிடவில்லை. அடைக்கோழியும் கூடையும் இருந்த இடத்தில் இப்போது ஷாப்பியில் வாங்கிய பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். கோழிக்குஞ்சு பொரிக்க 21 நாள். 18-ஆம் நாள் வாக்கில் குஞ்சு தலையை வலது இறக்கைக்கு அடியில் மடித்து, அலகை முட்டையின் அகன்ற பக்கம் உள்ள காற்றறையை நோக்கித் திருப்பிக்கொள்கிறது. அடுத்து காற்றறையின் சவ்வைக் குத்துகிறது. நுரையீரல் முதன்முதலாக மூச்சிழுப்பது அப்போதுதான். அதுவரை ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் படர்ந்திருக்கும் ரத்தக் குழாய்கள்தான் அதற்கு மூச்சு. அலகின் நுனியில் உள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கொத்தி விரிசல் விட்டதும் குஞ்சு ஓய்ந்துவிடுகிறது. 12 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். இந்த ஓய்வைத்தான் நாம் தவிப்பு என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே அது வேலையில்தான் இருக்கிறது: குழாய்களில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் போகிறது. அது முடியும் முன் ஓட்டை உரித்தால் ரத்தம் கொட்டும், மஞ்சள் கரு வெளியே தொங்கும். அப்படி வந்த குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஆனால் உண்மையிலேயே தவிக்கும் குஞ்சுகளும் உண்டு. அவற்றின் சிக்கல் 21-ஆம் நாளில் தொடங்கியதல்ல. முதல் 18 நாளில், பெரும்பாலும் பெட்டியின் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கியது. நம் வட்டாரத்தில் இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

பெட்டியோடு வரும் தாளில் முதல் நாளே தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கும். குளிர் நாடுகளின் காய்ந்த காற்றுக்கு அது சரி. கடலோரக் கோலசிலாங்கூருக்கு அது பொருந்தாது. 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள நம் காற்றைப் பெட்டி 37.7 டிகிரிக்குச் சூடாக்கும்போது அதன் ஈரப்பதம் தானாகவே 49 விழுக்காட்டை ஒட்டி வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியதே 45 முதல் 55 விழுக்காடுதான். அதாவது ஒரு சொட்டும் ஊற்றத் தேவையில்லை. செம்பனைக் காட்டோரம் கூவித் திரியும் சிவப்புக் காட்டுக்கோழிதான் நம் வீட்டுக்கோழியின் மூதாதை. இந்த மண்ணின் ஈரத்திலேயே அது காலங்காலமாகக் குஞ்சு பொரித்து வருகிறது. ஏர்கோன் அறையில் பெட்டியை வைத்திருந்தால் கணக்கு வேறு. 24 டிகிரி, 55 விழுக்காட்டுக் காற்று பெட்டிக்குள் 25 விழுக்காடாகக் காய்ந்துவிடும். அங்கே தண்ணீர் கட்டாயம்.

ஈரம் அதிகமானால் முட்டை போதிய அளவு நீரை இழக்காது. காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் கிடக்கும். பிசுபிசுப்போடு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், சில நீரில் மூச்சடைத்துச் சாகும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். வைக்கும்போது 50 கிராம் இருந்த முட்டை 18-ஆம் நாள் 44 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 47 கிராம் இருந்தால் ஈரம் அதிகம். 41-க்கு இறங்கியிருந்தால் காய்ந்துவிட்டது.

18-ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 65 முதல் 75 விழுக்காட்டுக்கு உயர்த்துங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம் இதுதான். அதன்பின் அவசியமின்றி மூடியைத் திறக்கவே கூடாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று வெளியேறி, விரிசல் விட்ட மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கும். முதலில் வந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்ற கவலையும் வேண்டாம். வயிற்றில் உள்ள மஞ்சள் கரு 2 நாளுக்குத் தாங்கும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை, மாலை இடிமழையோடு போகும் மின்சாரம். தமிழகக் கிராமங்களில் அடைக்கூடைக்குள் இரும்புத் துண்டும் கரியும் போட்டு வைப்பார்கள், இடிச் சத்தத்தில் முட்டை கெடாதிருக்க. இடி முட்டையைக் கெடுப்பதில்லை. மின்வெட்டு நீண்டால் கெடும். பெட்டியைப் போர்வையால் மூடுங்கள். சில மணி நேரக் குளிரைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், பொரிப்பது சற்றுத் தாமதமாகலாம்.

சரி, எப்போது கை வைக்கலாம்? விரிசல் விட்டு 24 மணி நேரம் கடந்தும் மாற்றமில்லை, குரல் தேய்கிறது, ஓட்டை வழியே தெரியும் சவ்வு பழுப்பேறி விறைத்திருக்கிறது என்றால் உதவலாம். ஓட்டைச் சுற்றி வட்டமாகக் கொத்தத் தொடங்கி, பாதியில் பல மணி நேரம் நின்றுவிட்ட குஞ்சுக்கும் உதவலாம். குறுகிய பக்கம் கொத்தியதைக் கூர்ந்து கவனியுங்கள். அதில் பல தாமாகவே வந்துவிடும் என்றாலும் ஆபத்து அதிகம்.

கையைக் கழுவிக்கொண்டு, டார்ச் அடித்துக் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் குறியுங்கள். அந்த எல்லைக்குள் இருக்கும் ஓட்டை மட்டும் சிறு சில்லுகளாக எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பஞ்சுக்குச்சியை நனைத்துச் சவ்வில் ஒற்றுங்கள், மூக்குத் துளையில் நீர் படவே கூடாது. ஈரம் பட்ட சவ்வில் சிவப்பு நரம்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சில மணி நேரம் காத்திருங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சால் மெல்ல அழுத்துங்கள். நரம்பு மறைந்திருந்தால் அலகையும் தலையையும் விடுவித்துவிட்டு மீதியைக் குஞ்சிடமே விடுங்கள். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். உதைத்து வெளியேற அதற்கு நேரம் கொடுங்கள்.

இத்தனையும் செய்தும் சில குஞ்சுகள் சாகத்தான் செய்யும். உள்ளேயே கோணல்மாணலாக வளர்ந்ததை எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது. நன்றாகப் பிழைத்து வளர்ந்ததை ஆசையாய் வளருங்கள். ஆனால் அது ஓட்டுக்குள் தவித்ததற்குக் காரணம் ஈரமோ சூடோ அல்ல என்று தோன்றினால் அதை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள். குறை அடுத்த தலைமுறைக்கும் போகலாம்.

அடுத்த முறை முட்டை வைக்கும்போது ஒரு நோட்டில் தேதி, முட்டை எடை, பெட்டியின் ஈரப்பதம் மூன்றையும் எழுதி வையுங்கள். பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்து, குஞ்சு எந்த நிலையில் இறந்தது என்றும் எழுதுங்கள். ஈஜோக்கில் ஒருவர் எழுதியது சபாக் பெர்ணமில் இருப்பவருக்கும் உதவும். நம் காற்றுக்கு ஏற்ற கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.