நின்று ஆடினாலும் உட்கார்ந்து ஆடினாலும்: வீடியோ கேம் காயங்களும் நுகர்வோர் உரிமையும்

சோபாவில் சாய்ந்து கன்ட்ரோலர் பொத்தான்களை அழுத்தி ஆடுவது ஒரு வகை. ரிமோட்டை மட்டைபோல் வீசி, உடம்பை அசைத்து ஆடுவது இன்னொரு வகை. 2006இல் வந்த நின்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ கேம் கருவி அதை வீட்டுக்கு வீடு பரப்பியது. அசைந்து ஆடுவது உடற்பயிற்சி, உட்கார்ந்து ஆடுவது வெறும் ஓய்வு என்று நினைத்துப் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இரண்டிலும் காயம் உண்டு. பொருளின் குறையால் காயம் பட்டால், இழப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு.

வீசி ஆடுவதில் உள்ள ஆபத்து

‘வீ’ விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே, மணிக்கட்டில் மாட்டும் கயிறு அறுந்து ரிமோட் பறக்கிறது என்று புகார்கள் எழுந்தன. அதே ஆண்டு டிசம்பரில், சுமார் 32 லட்சம் கயிறுகளை இலவசமாக மாற்றித் தர நிறுவனம் முன்வந்தது. மறு ஆண்டு ரிமோட்டுக்கு மெத்தென்ற சிலிகான் உறையையும் இலவசமாகக் கொடுத்தது.

தோளுக்கும் ஆபத்துதான். பல மணி நேரம் ‘வீ’ டென்னிஸ் ஆடிய ஓர் இளம் மருத்துவருக்குத் தோள் தசைநாணில் அழற்சி ஏற்பட்டதை, 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. நிஜ டென்னிஸில் உடம்பு சோர்ந்து, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும். எடையில்லாத ரிமோட்டை வீசும்போது அந்தச் சோர்வு தாமதமாகத்தான் தெரிகிறது.

உட்கார்ந்து ஆடுவதில் உள்ள ஆபத்து

தொடர்ந்து பல மணி நேரம் பொத்தானை அழுத்தியதால் கட்டைவிரல் தசைநாண் பாதித்த ஒரு பெண்ணைப் பற்றி, 1990இலேயே அதே இதழ் எழுதியது. அடுத்து வந்தது நின்டெண்டோவின் ‘மரியோ பார்ட்டி’ விளையாட்டு. அதில் சில ஆட்டங்களில் ஜாய்ஸ்டிக்கை வேகவேகமாகச் சுழற்ற வேண்டும். குழந்தைகள் உள்ளங்கையால் தேய்த்துச் சுழற்றியதில் தோல் கிழிந்தது, கொப்புளம் வந்தது. பெற்றோர் புகார் செய்தார்கள். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்தார். 2000ஆம் ஆண்டில், குழந்தைகளுக்குக் கையுறை வழங்க நின்டெண்டோ ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ‘பொருள் பொறுப்பு’ என்பதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. வடிவமைப்பில் குறை இருந்தாலும், சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ தராவிட்டாலும் உற்பத்தியாளர் பொறுப்பாவார். உடல் காயம் மட்டுமல்ல, பறந்த ரிமோட்டால் டிவி உடைந்தாலும் அது சட்டப்படி பாதிப்புதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த பொருளைக் கடையில் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது: உற்பத்தியாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தாலோ, விற்றவரே பொறுப்பேற்க வேண்டும். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மீது வழக்குத் தொடர முடியாது. கயிறு மாட்டாமல் ஆடினால் காயம் ஒருபுறம், உங்கள் வழக்கு பலவீனமாவது மறுபுறம்.

ஆடும்போது

• கயிற்றை மாட்டி இறுக்குங்கள். கை ஈரமானால் துடைத்துவிட்டு ஆடுங்கள்.
• கை வீசும் தூரத்தில் குழந்தையோ கண்ணாடியோ இருக்கக் கூடாது.
• அவ்வப்போது ஆட்டத்தை நிறுத்தி ஓய்வெடுங்கள். வலியோ மரத்துப்போதலோ வந்தால் அன்றைக்கு அத்தோடு போதும்.

பாதிப்பு நேர்ந்தால்

• அறுந்த கயிறு, உடைந்த கன்ட்ரோலர் எதையும் எறியாதீர்கள். படம் எடுத்து, பில், பெட்டி, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.
• விற்றவருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள்.
• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.
• தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை.

இலவசக் கயிறும் கையுறையும் நிறுவனம் தானாக நினைத்துக் கொடுத்தவை அல்ல. பாதிக்கப்பட்டவர்கள் வாய்திறந்து கேட்டதால் கிடைத்தவை. உங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் புகாராக எழுதினால், அதே காயம் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வராமல் தடுக்க முடியும்.