70 சதவீத அடைப்பு: எதை வச்சு சொல்றாங்க?

வீட்ல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தா, உங்க காதுல முதல்ல விழுற விஷயம் ஒரு சதவீதமாத்தான் இருக்கும். "ஒரு குழாய்ல 70 சதவீத அடைப்பு." சில சமயம் அப்பா உள்ள டேபிள்ல படுத்திருக்கும்போதே, ஸ்டென்ட் வைக்கலாமான்னு வெளியில நிக்கிற உங்ககிட்ட கையெழுத்து கேப்பாங்க. சொந்தக்காரங்களுக்கு போன் போடுறதைத் தவிர அப்போ நமக்கு வேற எதுவும் தோணாது. இன்னைக்கு அந்த சதவீதத்தைப் பத்தியும், என்னைக் கேட்டா அதைவிட உருப்படியான இன்னொரு எண்ணைப் பத்தியும் பேசப் போறேன்.

ஆஞ்சியோகிராம் என்பது இதயத் தமனிக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் கிட்டத்தட்ட தற்செயலாகக் கண்டுபிடிச்ச முறை. அதில் நாம பாக்கிறது தமனியோட நிழல். ஒரு டம்ளரை மேலிருந்து வெளிச்சம் அடிச்சா நிழல் வட்டம், பக்கத்துல இருந்து அடிச்சா செவ்வகம். அப்படிப்பட்ட நிழல்ல ஒடுங்கின இடத்தை, அதுக்குப் பக்கத்துல 'நல்லா இருக்கிற' இடத்தோட ஒப்பிட்டு, பெரும்பாலும் கண்ணாலயே மதிப்பிட்டுச் சொல்றதுதான் அந்த 70. பக்கத்து இடமும் ஏற்கனவே கொழுப்பு படிஞ்சு மெலிஞ்சிருந்தா, கணக்கு இன்னும் குழம்பும்.

ஆனா நமக்குத் தெரிய வேண்டியது வேற. அப்பா மாடி ஏறும்போது அவரோட இதயத் தசைக்குத் தேவையான ரத்தம் போகுதா, இல்லையா?

இதை அப்பார்ட்மென்ட் தண்ணி மாதிரி யோசிங்க. மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்ற பைப் பாதி அடைச்சிருக்கு. ஒரு குழாயை மட்டும் லேசா திறந்தா தண்ணி ஒழுங்காத்தான் வரும். எல்லா குழாயையும் முழுசா திறந்து விடுங்க, அப்போ தெரியும் சங்கதி. இதயமும் அப்படித்தான். 1974-ல் லான்ஸ் கோல்ட் என்ற மருத்துவர் இதை அளந்து காட்டினார். தமனியின் விட்டம் சுமார் 85 சதவீதம் சுருங்கும் வரைக்கும் ஓய்வு நேர ரத்த ஓட்டம் குறையறதே இல்ல. கீழே இருக்கிற நுண்குழாய்கள் விரிஞ்சு கொடுத்து சமாளிச்சுடும். ஆனா அதிகபட்ச ஓட்டம் சுமார் 50 சதவீத சுருக்கத்திலேயே குறைய ஆரம்பிச்சுடும்.

அப்போ அளக்கணும்னா, எல்லா குழாயையும் திறந்து வச்சு அளக்கணும். நெதர்லாந்தின் நிக்கோ பெய்ல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி பிரைனும் 1990-களில் உருவாக்கின எஃப்.எஃப்.ஆர். என்ற அளவீடு இதைத்தான் செய்யுது. சுமார் 0.36 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கம்பி. அதன் நுனிக்குப் பக்கத்தில் ஒரு அழுத்த உணரி. கம்பியை அடைப்பைத் தாண்டிக் கொண்டு போவாங்க. பிறகு அடினோசின் மருந்தைக் கொடுத்து நுண்குழாய்களை முழுசா விரிய வைப்பாங்க. நெஞ்சு அழுத்துற மாதிரி, மூச்சு முட்டுற மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும். மருந்தை நிறுத்தினா சீக்கிரமே போயிடும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பா பயப்பட மாட்டார்.

இப்போ ஒரு வகுத்தல் கணக்கு. அடைப்புக்கு முன்னால் அழுத்தம் 100, பின்னால் 75 என்றால் விடை 0.75. அந்தத் தமனி தர வேண்டிய அதிகபட்ச ரத்தத்தில் முக்கால் பங்குதான் வருதுன்னு அர்த்தம். அழுத்தத்தை அளந்துட்டு ஓட்டத்தைப் பத்தி எப்படிப் பேசுறீங்கன்னு கேக்கலாம். நுண்குழாய்கள் முழுசா விரிஞ்ச நிலையில் தடை மாறாம நிக்கும். அதனால ஓட்டமும் அழுத்தமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். விடை 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தா அந்த அடைப்பை சரிசெய்வதால் பலன் உண்டு என்பது பொதுவான எல்லை.

இதை மக்கள்கிட்ட சோதிச்சுப் பார்த்ததுதான் 2009-ல் வெளிவந்த 'ஃபேம்' ஆய்வு. ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகளில் அடைப்பு உள்ள 1,005 பேர். பாதிப் பேருக்குப் படத்தைப் பார்த்து ஸ்டென்ட்; மீதிப் பேருக்கு அளந்து பார்த்து, 0.80-ஐத் தாண்டாத இடங்களில் மட்டும் ஸ்டென்ட். முதல் குழுவில் ஒருவருக்கு சராசரியா 2.7 ஸ்டென்ட், இரண்டாவதில் 1.9. ஒரு வருஷத்துக்குள் மரணம், மாரடைப்பு, மறுபடி சிகிச்சை இதில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் முதல் குழுவில் 18.3 சதவீதம், இரண்டாவதில் 13.2. கம்மியா வச்சவங்க நல்லா இருந்தாங்க! அதே ஆய்வில் படத்தில் 50 முதல் 70 சதவீதம்னு தெரிந்த அடைப்புகளில் 35 சதவீதம்தான் உண்மையில் ரத்தத்தைத் தடுத்தன. 71 முதல் 90 வரைன்னு தெரிஞ்சதிலும் ஐந்தில் ஒன்று தடுக்கல. 90-ஐத் தாண்டினா கண்ணை நம்பலாம். அங்க கிட்டத்தட்ட எல்லாமே தடுக்குற அடைப்புதான்.

தேவையில்லாத ஸ்டென்ட்னா பணம் மட்டும் போகல. உள்ள ஒரு உலோகம், பல மாசத்துக்கு ரெண்டு ரத்தக்கட்டித் தடுப்பு மாத்திரை, அதனால வர்ற ரத்தக்கசிவு அபாயம், எல்லாம் சேர்ந்தே வருது.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, மாரடைப்பு நடந்துக்கிட்டு இருக்கும்போது அதுக்குக் காரணமான குழாயை அளந்துக்கிட்டு நிக்க மாட்டாங்க, உடனே திறக்கணும். அங்க போய் "அளந்தீங்களா"ன்னு சண்டை போடாதீங்க. ரெண்டு, 0.85 வந்துச்சுன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிகரெட் கணக்கு எல்லாம் அப்படியே தொடரும்.

அடினோசின் இல்லாமலே அளக்கும் ஐ.எஃப்.ஆர். என்ற முறையும் இருக்கு. அதில் எல்லை 0.89. சி.டி. ஸ்கேனை வச்சு, கம்பியே விடாம கணினியில் கணக்கிடும் முறையும் வந்தாச்சு. கம்பி ஒருமுறைதான் பயன்படும், பில்லில் தனியா ஏறும், எல்லா ஊர்லயும் கிடைக்காது. அதனால அவசரமில்லாத ஆஞ்சியோகிராமுக்குத் தேதி வாங்கும்போதே டாக்டர்கிட்ட கேட்டு வைங்க: "நடுத்தர அடைப்பா இருந்தா எஃப்.எஃப்.ஆர். பார்க்க இங்க வசதி இருக்கா சார்? எவ்வளவு ஆகும்?"