குறிப்பறியும் கண்ணாடி

பொங்கல் விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து பொன்னமராவதிக்கு வந்திருந்த என் பேத்தி, முகப்பில் பாயை விரித்து உட்கார்ந்து, தன் மடிக்கணினியை எனக்கு முன்னே திறந்து வைத்தபோது, முப்பது வருஷ காலம் தட்டச்சு யந்திரத்தோடு மல்லாடிப் பழகிய என் ஆள்காட்டி விரல், திரையில் தெரிந்த ஒரு சிறு படத்தின்மேல் ஆணி அறைவதுபோல இறங்கியது. "ஐயா, அமுக்காதீங்க! சும்மா தொட்டாப் போதும்" என்று அவள் பதறினாள். பலத்தைச் செலுத்தினாலன்றி எந்த யந்திரமும் இணங்காது என்ற நம்பிக்கையிலேயே வளர்ந்தவனுக்கு, ஸ்பரிச மாத்திரத்தில் ஒரு யந்திரம் ஏவல் கேட்கும் என்பது எளிதில் ஜீரணமாகிற விஷயமன்று.

அந்தத் திரையின் கண்ணாடிக்கு அடியில், இண்டியம், வெள்ளீயம் என்னும் இரண்டு உலோகங்களின் ஆக்ஸைடு, ஒளி தடையின்றிப் புகும்படி அத்தனை மெல்லியதாகப் பூசப்பட்டு, தறியில் பாவும் ஊடையும் குறுக்கிடுவதுபோல நெடுக்கும் குறுக்குமான வரிகளாக அமைந்திருக்கிறது. தறியில் இழையோடு இழை தொடும், இங்கே தொடுவதில்லை. ஆகையால் ஒவ்வொரு குறுக்கிலும் ஒரு சிறு மின்னூட்டம் தேங்கி நிற்கிறது. நம் உடம்போ பெரும்பாலும் உப்புநீர். மின்சாரத்துக்கு இசைந்த பொருள். விரல் நெருங்கியதும் அந்த இடத்து மின்புலத்தில் ஒரு பங்கு விரலின்பால் சாய்ந்துவிட, அக்குறுக்கில் கணக்குக் குறைகிறது. எல்லாக் குறுக்குகளையும் விநாடிக்குப் பல பத்து முறை எண்ணிப் பார்க்கும் சில்லு ஒன்று, எங்கே எவ்வளவு குறைந்தது என்று கண்டுகொள்கிறது. வரிக்கு வரி சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தும், விரல்நுனி ஒரே சமயத்தில் பல குறுக்குகளை மறைப்பதால், அவற்றின் குறைவுகளை நிறுத்துப் பார்த்து நடுப்புள்ளியை அதனினும் நுட்பமாகக் கணித்துவிட முடிகிறது. நகத்தாலும் காய்ந்த குச்சியாலும் தொட்டால் திரை அசையாதிருப்பதற்கும், ஈரக்கையால் தொட்டால் தடுமாறுவதற்கும் காரணம் இதுவே. நாற்று நட்டும் களை பறித்தும் காய்ப்பேறிய விரல்களுக்குச் சில சமயம் அது செவிசாய்ப்பதில்லை. தடித்து உலர்ந்த தோல், உள்ளேயிருக்கும் ஈரத்தைத் திரையிலிருந்து விலக்கி வைத்துவிடுகிறது.

அமுக்கினால்தான் கேட்கும் திரைகளும் உண்டு. இரண்டு மெல்லிய ஏடுகள் சிறிது இடைவெளியோடு நிற்க, விரலோ குச்சியோ அழுத்தி அவற்றை ஒன்றோடொன்று தொடவைக்கும் வகை அது. 2011 அக்டோபரில் நம் நாட்டு மாணவர்களுக்கென்று வெளியான ஆகாஷ் பலகைக்கணினியில் இருந்தது அந்த வகைத் திரையே. அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ஆகாஷ்-2, மின்னூட்டத்தை எண்ணும் வகைக்கு மாறிற்று. என் விரல் முதல் ஆகாஷுக்கே உகந்தது போலும்.

விரலை அறியும் திரை பலர் நினைப்பதுபோல நேற்றைய சரக்கன்று. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பவர் 1965-லேயே இதைப் பற்றி எழுதினார்; வான் போக்குவரத்தைக் கவனிப்போருக்கு உதவுவது அவர் உத்தேசம். பல விரல்களை ஒருசேரக் காணும் யந்திரத்தை, டொரான்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா என்ற மாணவர் 1982-ல், மங்கல் கண்ணாடிக்குப் பின்னே ஒரு காமிராவை வைத்துச் செய்து காட்டினார். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்து வேய்ன் வெஸ்டர்மன், தட்டச்சிட்டுத் தட்டச்சிட்டுக் கை நொந்துபோய், அழுத்தாமல் எழுத வழியுண்டா என்று தேடியே இத்துறைக்கு வந்தார் என்பது எனக்கு மிகுந்த அனுதாபத்தை உண்டாக்கிய செய்தி. அவர் கூட்டாக நடத்திய நிறுவனத்தை ஆப்பிள் 2005-ல் வாங்கிற்று. 2007-ல் ஐபோன் வந்தது.

ஆனால் விரல் இருக்கும் இடத்தை அறிவது பாதி வித்தைதான். அந்த விரல் எதை விரும்புகிறது என்று அறிவதே மீதி. அதுவே அரிய பாதி. குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பைத் திருவள்ளுவர் அமைச்சனுக்கு ஒரு முறையும் காதலர்க்கு ஒரு முறையுமாக இரண்டு அதிகாரங்களுக்கு இட்டதை எண்ணிப் பார்த்தால், பிறர் வாய் திறவாதபோது அவர் உள்ளத்தை அறிவது எவ்வளவு சிரமமான காரியமென்று விளங்கும். விரல் இறங்கிய க்ஷணத்தில் யந்திரத்துக்கு ஒன்றுமே தெரியாது. தட்டப் போகிறதா, தள்ளப் போகிறதா, தங்கி நிற்கப் போகிறதா? ஆகவே அது காத்திருக்கிறது. இரண்டொரு மில்லிமீட்டருக்குள் நின்று விரல் எழுந்துவிட்டால் தட்டல். அந்த எல்லையைக் கடந்தால் தள்ளல். அசையாமல் அரை விநாடியளவு தங்கினால், சுட்டெலியின் வலப் பொத்தானுக்கு ஈடான நீண்ட தொடுகை. இன்னொரு தட்டு தொடருமோ என்று பார்த்துக்கொண்டே, பழைய கைபேசிகளின் இணைய உலாவிகள் ஒவ்வொரு தட்டுக்கும் ஏறத்தாழ 300 மில்லிவிநாடி தயங்கி நின்றன. தட்டலைப் பெரும்பாலும் விரல் இறங்கும்போது ஏற்காமல் எழும்போதே ஏற்பதால், தவறான பொத்தானில் விரலை வைத்துவிட்டவர் எடுக்காமலே அப்பால் இழுத்துச் சென்று விட்டுவிட்டால், செய்த பிழை செய்யாததாகிவிடும். வாழ்க்கையில் இந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கிறது!

இரண்டு விரல்கள் இறங்கினால் அவற்றின் இடைத்தூரத்தையே அது கவனிக்கிறது. தூரம் இரட்டித்தால் படமும் இரட்டிக்கிறது, குறுகினால் சுருங்குகிறது. விண்டோஸ் 11 உள்ள தொடுதிரைக் கணினியில் மூன்று விரல்களை மேலே தள்ளினால் திறந்திருக்கும் சாளரங்கள் யாவும் வரிசையாக எதிரே நிற்கும். கீழே இழுத்தால் அனைத்தும் மறைந்து வெறுந்திரை தெரியும். வல ஓரத்திலிருந்து உள்ளே தேய்த்தால் அறிவிப்புகள் வரும். இவற்றில் எதுவும் திரையில் எழுதப்பட்டிருப்பதில்லை என்பதுதான் என் குறை. பொத்தான் என்றால் தன் பெயரைத் தானே தாங்கி நிற்கும். சைகையோ, சொல்லிக் கொடுக்க ஒரு பேத்தி இல்லாதவனுக்கு இல்லாத பொருளே.

பக்கத்தைத் தள்ளும் திசையில் எனக்குக் குழப்பம் தீர நாளாயிற்று. சுட்டெலியின் சக்கரத்தைக் கீழே உருட்டினால் கீழ்ப்பகுதி தெரியும். திரையிலோ கீழ்ப்பகுதியைக் காண விரலை மேலே தள்ள வேண்டும். அதைத் தீர்த்தது ஒரு பழைய நினைவு. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 1909-ல் சன்மார்க்க சபையை நிறுவிய மேலைச்சிவபுரி எங்கள் ஊருக்கு அருகே இருக்கிறது. அங்கே தமிழ் கற்ற முதியவர் ஒருவர், என் பால்யத்தில், ஓலையில் எழுதும் முறையை எனக்குச் செய்து காட்டினார். இடக்கையில் ஏந்திய ஓலையின்மேல், எழுத்தாணியை இடக் கட்டைவிரலின் ஆதரவில் நிறுத்தி, எழுத எழுத ஓலையையே இடப்புறமாக நகர்த்திக்கொண்டு போவார். எழுத்தாணி நின்ற இடத்திலேயே நிற்க, வரி வளரும். சக்கரம் நம் பார்வையை நகர்த்துகிறது, விரலோ ஓலையை நகர்த்துகிறது என்பது அந்தக் கையை நினைத்த பிறகே எனக்குப் பிடிபட்டது.

அன்றிலிருந்து திரையில் தவறுவதில்லை. விசைப்பலகைக்குக் கீழேயுள்ள தொடுபலகையை மட்டும், அமைப்புகளுக்குள் சென்று, சக்கரத்தின் திசைக்கே மாற்றிவைத்துக்கொண்டேன். "ஐயா, மேல ஒரு பக்கம் போகுது, கீழ ஒரு பக்கம் போகுது, எப்பிடித்தான் சமாளிக்கிறீங்க?" என்று சிரித்துவிட்டு, ஊருக்குக் கிளம்புமுன் அவள் அதைப் பழையபடி திருப்பி வைத்துக்கொண்டாள்.